லட்சுமி குடிபோன பெட்டி

பாத்து வாங்ணா, அந்தப் படி கொஞ்சம் ஒசரம். இதானுங்க ரூமு. அக்கட்டால செவுத்தோரமா ஏழு பொட்டி இருக்குது பாருங்க, அதத்தான் எடுக்கோணும். நீங்க எடைக்கு எடுக்கறவரு, உங்களுக்கு எல்லாம் தகரந்தான். ஆனா தூக்கறதுக்கு முன்னால நாஞ் சொல்றதச் சித்த கேட்டுட்டுத் தூக்குங்க. உங்க டிரைவரு சாப்புடத்தானுங்க போயிருக்காரு? அப்ப உக்காருங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கங்க.

என்ற பேரு சென்னியப்பனுங்க. படிச்சது ஐடிஐ, எலெக்ட்ரீசியன். மொதலாளி மொதமொதல்ல கம்ப்யூட்டரு வாங்கிட்டு வந்தப்ப இந்தப் பனியன் கம்பெனில ஒருத்தரும் அதுகிட்டப் போகலீங்க, ஷாக் அடிக்கும்னு பயம். சென்னி, நீ பாத்துக்கடான்னாரு. அன்னில இருந்து பாத்துக்கறனுங்க. ஒண்ணு ஏழாச்சு. சாப்ட்வேரெல்லாம் கோயமுத்தூர்ல இருந்து வந்து போட்டுட்டுப் போவாங்க. அவிய போனதுக்கப்பறம் தாயும் தகப்பனும் நாந்தான். தூசி தட்டறது நானு, விசிறி மாத்தறது நானு, கரண்டு போனா ஓடறது நானு.

ஏழுக்கும் பேரு வெச்சிருந்தனுங்க. கணக்கு வழக்கெல்லாம் இருக்கறது லட்சுமி. டிசைன் இருக்கறது சரசுவதி. மெயில் வந்து போறது நாரதரு. ஆளுங்க வரவு பாக்கறது எமன், லேட்டா வந்தா சம்பளத்துல கைய வெச்சுருமில்லீங்க. பழைய பதிவெல்லாம் சித்திரகுப்தன். வெளி ஆளு உள்ள பூந்துராம காவலு காக்கறது கருப்பராயன். அப்பறம் ஆர்டரு, பேக்கிங்கு, பெட்டிக்கு ஒட்டற ஸ்டிக்கரு, இத்தனையவும் ஒத்தையாச் சொமக்கறது பீமன். பேக்கிங் செக்சன்ல பொம்பளைங்க கூட, அண்ணா, பீமன் படுத்துட்டான் வாங்கன்னுதான் கூப்புடுவாங்க. மொதலாளியே ஒருக்கா வந்து, லட்சுமி எப்படிடா இருக்கான்னு கேட்டாருன்னாப் பாத்துக்கங்க.

அந்தக் கூப்பாடு இருக்குதில்லீங்க, அதானுங்க எனக்கு எல்லாமும். காலைல கேட்டு தொறந்ததும் ஆரம்பிச்சுரும். சென்னியண்ணா இது தொறக்கல, சென்னியண்ணா அது பிரிண்டு ஆகல. நானும் சலிச்சுக்கிட்டே போவேன், ஏம்மா, நேத்துத்தான சரி பண்ணுனேம்பேன். போற எடமெல்லாம் டீ. ஒரு நாளைக்கு எத்தன டீ குடிச்சன்னு எனக்கே தெரியாதுங்க. ஊட்ல சம்சாரம் கேப்பா, டீ வேணுமான்னு. வேண்டாம்பேன், வயிறு ரொம்பிக் கெடக்கும்.

அப்பத்தான் மேகலா வந்தா.

கோபி ஊர்க்காரப் புள்ள. முப்பது வயசு இருக்கும். வெளியூர் கம்பெனில இருந்துட்டு வந்தவ. மொதலாளி கூட்டியாந்து, சென்னி, இனிமே இந்தப் புள்ள சிஸ்டமெல்லாம் பாத்துக்கும், நீ கூடமாட இருன்னாரு. கூடமாட. நானு. என்ற ரூம்ல.

அவ வந்ததும் ஏழு பொட்டியவும் சுத்திச் சுத்திப் பாத்தா, தொட்டுப் பாத்தா. அண்ணா, இதுக்கெல்லாம் வயசாச்சுங்ணா, ஏழும் பாதி நேரஞ் சும்மா நிக்குது, கரண்டு மட்டும் குடிக்குது, ஏழையவும் ஒரே பொட்டிக்குள்ள கொண்டு போயிரலாம்னா. வர்ச்சுவலாம். மொதலாளிகிட்ட என்னென்னமோ எழுதிக் காட்டி, பெருசா ஒண்ணும் அதுக்குத் தொணைக்கு ஒண்ணுமா ரெண்டு பொட்டி வாங்கி, இதா, இந்தக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பக்கத்து ரூம்ல வெக்க வெச்சுட்டா.

எனக்குத் தெரிஞ்சத நானுஞ் சொன்னனுங்க. வர்ச்சுவல்னா என்னங்க, நெசமில்லாததுதான? நெழலு. லட்சுமியோட நெழல அந்தப் பொட்டிக்குள்ள உழுக வெக்கறது. ஆளு இங்க இருந்தாத்தான நெழலு அங்க உழுகும்? அப்பறம், ஒரே ஊட்ல ஏழு குடித்தனம் வெச்சா அடுப்படில சண்ட வராதுங்களா? ஊடு இடிஞ்சா ஏழும் நடுத்தெருவுலதான நிக்கோணும்? இத மொதலாளிகிட்டச் சொன்னேன். அவரு அவளப் பாத்தாரு. அவ சிரிக்கல, அதானுங்க எனக்கு இன்னும் கோவம். சிரிச்சிருந்தா சண்டையாச்சும் போட்டிருப்பேன். பொறுமையா, நெழலு இல்லீங்ணா, அவிய குடி மாறிப் போறாங்க, ஒரு வளவுக்குள்ள ஏழு ஊடு, ஊட்டுக்கு ஊடு தனிக்கதவு, பெரிய பொட்டி படுத்தா தொணைப் பொட்டில எந்திரிச்சுக்குவாங்க, இந்தப் பழைய ஊடு காலிங்ணான்னா. நான் காதுல வாங்கிக்கல.

மொதலாளி மட்டும் என்ன, நல்லாப் புரிஞ்சுக்கிட்டாரா? எல்லாம் வர்ச்சுவல் ஆயிருச்சில்ல, காத்து மாதிரிதான, அதுக்கு எதுக்கு ஏசின்னு போயி ஏசிய நிறுத்திப் போட்டாரு. மத்தியானத்துக்குள்ள பெரிய பொட்டி கொதிக்க ஆரம்பிச்சுருச்சு. கத்தாழ மாதிரி எந்த வெயில்லயும் நிக்கறதுங்களா அது, வேகுது. அவ ஓடி வந்து, சார், எத்தன வர்ச்சுவல்னாலும் அது இருக்கறது இந்த இரும்புலதானுங்க சார்னு சொல்லி ஏசியப் போட வெச்சா. நான் அன்னிக்கு ஊட்ல போயி ரெண்டு தோசை சேத்துத் தின்னேன். நெசமாத்தாஞ் சொல்றேன்.

ஆனா சந்தோசம் நிக்கலீங்க. அடுத்தது மேஜை மேல இருந்த கம்ப்யூட்டரவெல்லாம் எடுத்துட்டா. சோப்பு டப்பா அளவுல ஒரு சாமானு, டீவி, கீபோர்டு, அவ்வளவுதான். எங்க உக்காந்து உன்ற பேரப் போட்டாலும் உன்ற முருகர் படம், உன்ற பைலு, எல்லாம் அங்கயே வந்து நிக்கும். பேக்கிங் பொம்பளைங்களுக்கு அது பெரிய அதிசயமாப் போச்சு. ஒருத்தி இடம் மாறி உக்காந்து உக்காந்து பாக்கறா, படம் பின்னாலயே வருதுன்னு. எதுனா நின்னு போச்சுன்னா அவ இங்க இருந்தே சரி பண்ணிருவா. ஒருத்தரும் எந்திரிச்சு வரவேண்டியதில்ல. ஒருத்தரும் கூப்புடவேண்டியதில்ல.

கூப்பாடு நின்னு போச்சுங்க. ஒரு நாளு பாத்தேன், பேக்கிங்ல இருந்து டீ போவுது. என்னையத் தாண்டி அவ மேஜைக்குப் போவுது. எனக்கு வவுறு எரிஞ்சுச்சுங்க, இல்லைன்னு சொல்லல. பொறாமைன்னு சொல்லாதீங்க. பொறாமை வேற. இது என்ற டீ.

இன்னொண்ணு கேளுங்க. புதுப்பொட்டிக்குள்ள இருக்கற ஏழுக்கும் அவ என்ன பேரு வெச்சிருக்கான்னு ஸ்கிரீன்ல பாத்தேன். லட்சுமி, சரசுவதி, நாரதரு, எமன், அதே பேரு, வரிசை கூட மாத்தல. நாந் தேடித்தேடி வெச்ச பேரு. அவளுக்குச் சொந்தமா ஏழு பேரு கெடைக்காதுங்களா? கேட்டதுக்கு, இந்தப் பேரு இருந்தாத்தானுங்ணா எல்லாருக்கும் பழக்கங்கறா. ரூமப் புடுங்குனா, டீயப் புடுங்குனா, பேரையும் புடுங்கிக்கிட்டா.

இதெல்லாம் போன வருசம் ஆடில நடந்ததுங்க. பழைய ஏழையவும் அமத்திப் போட்டுட்டா. உடனே தூக்கி வெளிய போட வேண்டாம், புதுசு ஓட்டத்துக்கு வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்னா. சரி, பயம் இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்பறம் ஆயுத பூசை வந்துச்சு. எங்க கம்பெனில அது பெரிய காரியமுங்க. தையல் மிசின்ல இருந்து தராசு வரைக்கும் எல்லாத்தையும் தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, அன்னிக்கு ராத்திரி மொத்தத்தையும் அமத்திப் போடோணும். ஆயுதத்துக்கு ஓய்வு. மொதலாளி அதுல கண்டிசன். பெரிய பொட்டியவும் அமத்தச் சொல்லிட்டாரு. விஜயதசமி காலைல நல்ல நேரத்துல கற்பூரம் காட்டி ஒவ்வொண்ணா ஓட்டி உடோணும். கம்ப்யூட்டரு ரூமுக்கு வருசா வருசம் ஓட்டி உடறது நாந்தான்.

நான் ஏழு பழைய பொட்டிக்கும் பொட்டு வெச்சேன். புதுசுக்கு வெக்கல. காலைல வெள்ளனே வந்து, குளிச்சுட்டுத்தான் வந்தேன், கற்பூரம் காட்டி மொதல்ல மூத்தவங்க ஏழு பேரையும் ஒட்டுக்கா ஓட்டி உட்டேன். நியாயந்தானுங்க? ஆளு எந்திரிச்சாத்தான நெழலுக்குத் தெம்பு? ஏழும் பச்ச லைட்டப் போட்டுக்கிட்டு எந்திரிச்சுதுங்க பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்பறமா அவ வந்து புதுசை ஓட்டி உட்டுட்டு, மொதலாளி கூப்புட்டாருன்னு பூசைக்குப் போயிட்டா. இந்தப் பக்கந் திரும்பியே பாக்கல.

என்னங்ணா அப்படிப் பாக்கறீங்க? தப்பு ஒண்ணுமில்லயே. வருசா வருசம் பண்றதுதான.

அன்னிக்கு அவசரமா ஒரு லோடு தூத்துக்குடி போகோணும். கொழந்தைங்க நைட்டு டிரஸ்ஸு. அதனால பேக்கிங் மட்டும் வேல. பீமங்கிட்ட இருந்து ஸ்டிக்கரு அடிச்சு, பெட்டிக்கு ஒட்டி, வண்டிய அனுப்பிட்டாங்க. மத்தியானமாத்தான் பேக்கிங் மாஸ்டரு தலைல கைய வெச்சுக்கிட்டு ஓடி வர்றாரு. அடிச்சதெல்லாம் ஆடி மாசத்து ஆர்டராம். ஆவணில வெளிநாட்டுக்காரன் பெரிய சைச கொறச்சு சின்ன சைச கூட்டியிருக்கான். பெட்டிக்குள்ள ஒண்ணு இருக்குது, மேல ஒட்டுனதுல ஒண்ணு இருக்குது. அப்படியே கப்பல்ல போயிருந்தா அந்த ஆர்டரும் இல்ல, அந்தக் கம்பெனியும் நம்மளுக்கு இல்ல. வண்டியத் தாராபுரத்துல புடிச்சுத் திருப்பிக் கொண்டாந்தாங்க.

மேகலா ஓடி வந்தா. வந்தவ புதுப்பொட்டியப் பாக்கல. நேரா இங்க வந்தா. ஏழு பச்ச லைட்டையும் பாத்தா. பக்கத்துல கற்பூரத் தட்டோட நானு. குனிஞ்சு, ஒவ்வொரு பொட்டிக்கும் பின்னால போற நெட் கேபிள ஒவ்வொண்ணா உருவுனா. ஏழையவும் உருவிப் போட்டுட்டுப் போயிட்டா.

என்ன ஆச்சுன்னு அப்பறம் மொதலாளிகிட்ட வெளக்கிச் சொன்னா, நானும் நின்னுட்டிருந்தேன். பழைய பொட்டி மொதல்ல எந்திரிச்சு அதோட பேரு, நம்பரு எல்லாத்தையும் எடுத்துக்கிச்சாம். புதுப்பொட்டிக்குள்ள இருந்தவங்க எந்திரிச்சுப் பாத்தா, பேரு ஏற்கனவே ஒருத்தர்கிட்ட இருக்குது, கம்முனு ஒதுங்கி நின்னுட்டாங்களாம். பேக்கிங் பொம்பளைங்க பீமான்னு கூப்புட, பழைய பீமன் ஏன்னு கேட்டிருக்கான். அவனுக்குத் தெரிஞ்சது ஆடி மாசந்தான.

பாத்தீங்களா? பெரியவங்க எந்திரிச்சா நெழலு ஒதுங்கிக்குது. நாஞ் சொன்னதுதானுங்க? அவ வாயாலயே வந்துருச்சு.

மொதலாளிக்கு மொகஞ் செவந்து போச்சு. யாரு பண்ணுன வேலைன்னு கேட்டாரு. ரூமுக்குச் சாவி ரெண்டு பேருகிட்டத்தான், அவகிட்ட ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணு. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னால அவ சொல்லிட்டா.

"என்ற தப்புதானுங்க சார். பழைய பொட்டிக்கெல்லாம் கேபிள எடுக்காம உட்டுட்டேன். எடுத்திருந்தா இது நடந்திருக்காது."

கேட்டீங்களா? அவளே ஒத்துக்கிட்டா. என்னைய ஒரு வார்த்த இழுக்கல, இழுக்க என்ன இருக்குது, தப்பு அவளோடது. கேபிள எடுக்காதவ அவ. நானா எடுக்காம உட்டேன்? நான் மனசுக்குள்ள, சரி, இன்னியோட பொட்டியக் கட்டிருவான்னு நெனச்சேன். மொதலாளி அவளக் கன்னாபின்னான்னு பேசுனாரு. அவ தலையக் குனிஞ்சு நின்னு வாங்கிக்கிட்டா. அப்பறம் கண்ணத் தொடச்சுட்டு பேக்கிங்ல போயி உக்காந்து, புது ஸ்டிக்கரு அடிச்சு, பொம்பளைங்களோட சேந்து அவளும் ஒட்டுனா. பொழுதோட வண்டி போயிருச்சு. கப்பலையும் புடிச்சிருச்சு.

ஆனா நடந்தது என்னன்னாக் கேளுங்க. பொங்கலுக்கு அவள ஐடி மேனேஜருன்னு போட்டுட்டாரு மொதலாளி. தப்பு பண்ணுனவளுக்குப் பதவி. தப்பு பண்ணாத எனக்கு, கூடமாட. இத எங்க போயிச் சொல்றதுங்க? அதான் உங்ககிட்டச் சொல்றேன்.

விஜயதசமி கழிஞ்சு பழனிக்குப் போயிட்டு வந்தேன். வந்து பாத்தா ஏழு பொட்டியவும் யாரோ தொடச்சு வெச்சிருந்தாங்க. பொட்டு அழியாம, அதச் சுத்தி மட்டும் தொடச்சிருந்துச்சு. அவளாத்தான் இருக்கும். பயமுங்க. மூத்தவங்க சக்தியப் பாத்துட்டா இல்ல?

அன்னில இருந்து நான் ஒரு வழக்கம் வெச்சுக்கிட்டேன். கேபிளு இல்ல, ஒருத்தருக்கும் தொந்தரவு இல்ல. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம காலைல வந்து ஒரு ஊதுபத்திய வெச்சு, லட்சுமிய மட்டும் சித்த நேரம் ஓட்டி உடறது. பச்ச லைட்டு எரியும், விசிறி சுத்தும், பீப் பீப்னு எதோ சொல்லும். எங்கிட்டப் பேசறான்னு வெச்சுக்கங்களேன். புதுப்பொட்டி ஒரு வருசமா நிக்காம ஓடுதுன்னு எல்லாரும் அவளப் புகழறாங்க. அது எதனால ஓடுதுன்னு எனக்கில்ல தெரியும். அவளும் வாராவாரம் பாப்பா. அந்தக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வந்து நிப்பா, லைட்டு எரியற வரைக்கும் பாத்துட்டுப் போயிருவா. அவளுக்குப் பொறாமைங்க. அவ பொட்டிக்குள்ள ஆயிரம் இருந்தாலும் இப்படி ஒரு சீவன் இல்லைல்ல.

நாளைக்கு ஆயுத பூசை. அதுக்கு முன்னால இதக் காலி பண்ணச் சொல்லிட்டாரு மொதலாளி. அவ காலைல சந்தனத்தக் கரைச்சு எடுத்துக்கிட்டு வந்து, அண்ணா, புதுப்பொட்டிக்கு நீங்கதானுங்ணா வெக்கோணும், உள்ள ஏழு பேரு இருக்காங்க, ஏழு பொட்டா வெச்சிருங்கன்னா. நக்கலப் பாருங்க. ஒரு பொட்டிக்கு ஏழு பொட்டாம். உன்ற பொட்டி, நீயே வெச்சுக்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சந்தனக் கிண்ணம் அங்கயே இருக்குது.

என்னங்ணா, திருப்புளிய எடுக்கறீங்க? டிஸ்க்கா? பதிவெல்லாம் அதுலதான இருக்கும், அதுக்குத் தனி வெலைங்களா? இருக்குமுங்க, ஏழுலயும் இருக்குது. லட்சுமில ரெண்டு இருக்குது, நாந்தான நின்னு மாட்ட வெச்சேன். தொறந்து பாத்துக்கங்க.

இல்லீங்களா? நல்லாப் பாருங்க, முன்பக்கந் தட்டு மாதிரி இருக்கும். காலியா? அப்ப பீமனத் தொறங்க. அதுலயும் இல்லயா. எமன்? சரி, மத்ததையும் பாருங்க.

ஏழுலயும் இல்ல.

அது எப்படிங்க? போன வெள்ளிக்கெழம கூட லைட்டு எரிஞ்சுதே. விசிறி சுத்துச்சே. டிஸ்க்கு இல்லாமயும் அதெல்லாம் எரியுமுங்களா? ஆமா, கரண்டு போனாப் போதும், எரியும். நான் எலெக்ட்ரீசியன், எனக்குத் தெரியாதுங்களா. அப்ப அந்தப் பீப் சத்தம். டிஸ்க்கக் காணோம், காணோம்னு அது கத்தியிருக்குது.

அப்ப நான் பழனிக்குப் போயிருந்தப்பத்தான். கேபிள உருவுனா, டிஸ்க்கயும் எடுத்துட்டா. மறுக்கா ஒருக்கா எந்திரிச்சாலும் ஒண்ணும் ஆகாத மாதிரி பண்ணிட்டா. கெட்டிக்காரிதான்.

ஆனா ஏனுங்ணா, ஒண்ணு சொல்லுங்க. இத்தன எடுத்தவ, இந்தப் பவர் வயர மட்டும் எதுக்கு உட்டா? இதா பாருங்க, ஏழுக்கும் இருக்குது. புடிச்சு ஒரு இழு இழுத்திருந்தா வந்திருக்கும். ஒரு வருசம். வாராவாரம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வந்து நின்னு, லைட்டு எரியற வரைக்கும் பாத்துட்டுப் போனா.

உங்க டிரைவரு ஆரன் அடிக்கறாருங்க. நீங்க ஒவ்வொண்ணா ஏத்துங்க. லட்சுமியக் கடைசியாத் தூக்குங்க, அந்தப் பொட்டு மேல கை படாம. நான் இப்ப வந்தர்றேன், பக்கத்து ரூமு வரைக்குந்தான். அந்தச் சந்தனம் காஞ்சு போகும். ஒரு பொட்டி மேல ஏழு பொட்டுக்கு எடம் அளந்து வெக்கோணும், அதுலயும் லட்சுமி நடுவுல வரோணும். அவ வெச்சா கோணலாத்தான் வெப்பா.